பொறுத்திருந்த திருத்தம்

குற்றாலிங்கத்தை நல்லவர் என்று ஒருவரும் சொன்னதில்லை. சரியானவர் என்றுதான் சொன்னார்கள். அவரும் அதனையே பெரிய பட்டமாக எண்ணி நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். தென்காசி வட்டாரத்தில் அவருக்கு நில அளவர் உத்தியோகம். சங்கிலி பிடித்து அளந்த காலம் போய், பறக்கும் கருவியொன்று மேலேயிருந்து கண்மூடித் திறப்பதற்குள் அளந்து கொடுக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் அக்கருவி தந்த கணக்கைத் தாமே ஒருமுறை நடந்து பார்த்துச் சரி காணாமல் அவர் எந்தப் படத்திலும் கையெழுத்திட்டதில்லை.

அலுவலகம் போக எஞ்சிய பொழுதையெல்லாம் அவர் ‘கைகாட்டி’க்குக் கொடுத்தார். ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் கூடி எழுதும் ஊர்த்தகவல் செயலி அது. எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது, எந்தத் தரைப்பாலம் மழைக்கு மூழ்கும், எந்த மருத்துவமனையில் எந்த மருந்து கிடைக்கும் என்பவற்றையெல்லாம் மக்கள் அண்டை வீட்டாரிடம் கேட்பதை விட்டுவிட்டுக் கைப்பேசியில் கைகாட்டியிடம் கேட்கப் பழகி வெகுகாலம் ஆகியிருந்தது. அதில் எழுதுவோரைத் தொகுப்பாளர் என்பார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்துவதானால், முதலில் எழுதியவருக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அவர் அதனைத் திறந்து பார்த்த பிறகே திருத்தம் பொதுமக்கள் கண்ணுக்குப் புலப்படும். ‘பெற்றவளிடம் சொல்லாமல் பிள்ளைக்கு மொட்டையடிக்கக் கூடாது’ என்று அதற்கு நியாயமும் சொல்லிக்கொள்வார்கள்.

குற்றாலிங்கம் அனுப்பும் அறிவிப்பு எப்போதும் ஒன்றுதான்: “தவறு. சான்று இல்லை. நீக்கினேன்.” ‘ஐயா’ என்றோ ‘அம்மா’ என்றோ ஒரு சொல் முன்னால் நில்லாது. தொகுப்பாளர்கள் அவரைக் கத்தரிக்கோல் என்று மறைவில் அழைத்தனர். அது அவர் காதுக்கு எட்டியபோது, கத்தரிக்கோல் இல்லாமல் சட்டை ஏது என்று கேட்டார்.

அப்படியிருந்த நாளில்தான் நாடிக்குறி வந்தது.

அதனை அவருக்கு விளக்கியவர் ஞானதிரவியம். இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துபவர். கைகாட்டியிலும் அதற்கு முன்பும் குற்றாலிங்கத்தின் கூட்டாளி. ஊரில் அவரைக் கேலி செய்யும் துணிவுள்ள ஒரே மனிதர். இருவரும் ஆலங்கட்டளை முக்கிலுள்ள தேநீர்க் கடையில் நின்றிருந்தார்கள்.

“வே, இனிமே நீரு பாட்டுக்கு ‘நீக்கினேன்’னு தட்டிவிட முடியாது பாத்துக்கிடும்” என்றார் ஞானதிரவியம். “எல்லாவன் கையிலயும் பட்டை கெடக்குல்லா? அது நாடியைப் பிடிச்சு உம்ம போனுக்குச் சொல்லும். பச்சைன்னா ஆளு நல்லா இருக்கான். மஞ்சள்னா கலங்கியிருக்கான். செவப்புன்னா நொந்து கெடக்கான். செவப்பா இருக்கிறவன்கிட்டப் போயி ஒம்ம வீரத்தக் காட்டப்படாது. ‘பொறுத்திரு’ன்னு ஒரு பொத்தான் வச்சிருக்கான். அதை அமுக்கிட்டு, ஆளு பச்சையாகுற வரைக்கும் திருத்தத்தை உம்ம பெட்டியிலயே வச்சிருக்கணும்.”

“தப்பு தப்புதானவே? அவன் நாடி எப்படி அடிச்சா எனக்கென்ன?”

“இந்தக் கேள்வி கேக்க ஆளு இருக்குன்னு தெரிஞ்சுதான் இதையே கண்டுபிடிச்சிருக்கான்.”

“அவசரம்னா?”

“‘இப்போதே அனுப்பு’ன்னும் ஒண்ணு இருக்கு. ஆனா அதைத் தொட்டா செயலி உமக்குப் போடுற கனிவு மதிப்பு கொறையும். ஒமக்குத்தான் கொறைய ஒண்ணுமில்லையே, தாராளமாத் தொடும்!”

குற்றாலிங்கமும் சிரித்தார். அன்று மாலை செயலியைத் திறந்தபோது சிரிப்பு வற்றியது. கைப்பட்டைகள் பல ஆண்டுகளாகவே நாடியைக் குறித்து வைத்திருந்தனவாம். அப்பழைய குறிப்புகளையும் அறிவிப்புகளையும் பொருத்தி, ஒவ்வொரு தொகுப்பாளருக்கும் அவருடைய சொற்கள் பிறரிடம் செய்த வேலையைச் செயலி படமாக்கிக் காட்டியது. குற்றாலிங்கத்தின் படம் குங்குமத்தைக் கொட்டிவைத்தாற்போல் இருந்தது. அதன் அடியில் ஒரு வரி: ‘உங்கள் அறிவிப்பைப் பெற்றபின் மீண்டும் எழுத வராதவர்கள்.’ அதனைத் தொட்டால் பெயர்கள் விரிந்தன. விரல் தள்ளத் தள்ள அவை முடியவில்லை. கோவில் திருவிழா நாள்களை எழுதிய ஒரு பூக்காரர், மாற்றுத்திறனாளிகள் ஏறக்கூடிய பேருந்துகளைக் குறித்து வந்த ஒரு பெண், இன்னும் எத்தனையோ பேர். யாரும் அவரைத் திட்டவில்லை. சத்தமில்லாமல் எழுந்து போயிருந்தார்கள்.

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த அவர் மனைவி சண்முகவடிவு, “நான் நம்ம வீட்டுக்கு மட்டுந்தான்னு நெனச்சேன், ஊரு பூராவுக்கும் இதே வாய்தானா?” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். விளையாட்டாகச் சொன்னாளா, உண்மையாகவா என்று அவரால் கேட்க முடியவில்லை. 

மனிதர் மாறினார். சற்று மாறினார் என்று சொல்லக்கூடாது, தலைகீழாக மாறினார். அவருடைய அறிவிப்புகளில் ‘அன்பு’, ‘பணிவு’, ‘மன்னிக்க’ என்னும் சொற்கள் வந்து குடியேறின. ஒரு பேருந்து நேரத்தைத் திருத்துவதற்கு ஒரு பத்தி வாழ்த்து எழுதினார். மஞ்சள் தெரிந்தால் தயங்கினார். சிவப்புத் தெரிந்தால் கையை இழுத்துக்கொண்டார். கனிவு மதிப்பு ஆடிக் காற்றில் பட்டம்போல் ஏறியது. தை மாதத்தில் திருநெல்வேலியில் கூடிய தொகுப்பாளர் மாநாட்டில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘கத்தரிக்கோலே ஊசியாகித் தைக்கிறது’ என்று தலைவர் பாராட்டிப் பேசியபோது குற்றாலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த தையிலும் பொன்னாடை அவருக்கே என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

அவ்வாண்டு ஆவணியில் இசக்கியம்மாள் என்னும் புதிய தொகுப்பாளர் ஒரு குறிப்பு எழுதினாள். மேலச்சுனை ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றிய குறிப்பு அது. ‘பாம்புக்கடிக்கு இங்கே எந்த நேரமும் மருந்து உண்டு. என் தம்பி பிழைத்த இடம். இந்த வாசற்படியை நான் தொட்டுக் கும்பிடுவேன்’ என்று எழுதியிருந்தாள். கைகாட்டியின் நடையில் அது இல்லை. பழைய குற்றாலிங்கமாக இருந்தால் பின்னிரண்டு வாக்கியங்களையும் வெட்டியிருப்பார். புதிய குற்றாலிங்கம் அவற்றை வாசித்து நெகிழ்ந்து ஒரு பூக்குறி இட்டார்.

புரட்டாசி பிறந்ததும் ஞானதிரவியம் பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார்: “மேலச்சுனை ஆஸ்பத்திரியை எங்க ஆலங்கட்டளைப் புதுக் கட்டடத்துக்கு மாத்தியாச்சு, தெரியுமா? பாம்புக்கடி மருந்தெல்லாம் இங்கதான். பழைய எடத்துல தடுப்பூசி போடுற அன்னைக்கு மட்டும் கதவைத் தெறப்பாவ. கைகாட்டியில மாத்திவிட்டிரும்.”

குற்றாலிங்கம் தாமே நேரில் சென்று பார்த்தார். பூட்டிய கதவையும் பார்த்தார். புதிய கட்டடத்தையும் பார்த்தார். அன்று மாலையே திருத்தத்தை எழுதி, இசக்கியம்மாளுக்கு அறிவிப்பையும் எழுதி, அனுப்பப் போனார். அவள் பெயருக்குப் பக்கத்தில் நாடி சிவந்திருந்தது.

பொறுத்திரு.

மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பிக் காப்பி குடித்துவிட்டுப் பார்த்தார். சிவப்பு. அதற்கடுத்த மாலையும் சிவப்பு. அது சாதாரணச் சிவப்புமன்று, இரத்தச் சிவப்பு. இப்படி ஒரு நாடி, மாலைதோறும், விளக்கு வைக்கும் நேரத்தில்! அவர் மனம் கதை கட்டத் தொடங்கிற்று. தம்பி பிழைத்த இடம் என்றாளே, பிழைத்தவன் பிறகு என்னவானானோ? அவனை நினைத்து அழுகிறாளோ? வீட்டில் அடிக்கிற தகப்பன் உண்டோ? தொட்டுக் கும்பிடும் வாசற்படி இப்போது பூட்டிக் கிடக்கிறது என்று இந்த நேரத்திலா போய்ச் சொல்வது?

“எதுக்கு இப்படி ஒரு பேரையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?” என்றாள் சண்முகவடிவு.

“பாவம், ஒரு பிள்ளை. என்னமோ பெரிய துக்கத்துல இருக்கு. ஒரு திருத்தம் சொல்லணும்.”

“சொல்லாட்டா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாள் போகட்டும்.”

‘இப்போதே அனுப்பு’ என்னும் பொத்தான் ‘பொறுத்திரு’ என்பதற்கு அடுத்தே இருந்தது. அதனை அவர் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அதன்கீழ்ச் சிறிய எழுத்தில், குறையவிருக்கும் கனிவு மதிப்பு எழுதியிருந்ததையும் பார்த்தார். புரட்டாசி கழிந்தது. ஐப்பசி பிறந்து மழையும் இறங்கியது. திருத்தம் அவர் பெட்டியிலேயே, முட்டையின்மேல் அமர்ந்த கோழிபோல் அசையாமல் இருந்தது.

சுடலைமுத்து என்பவர் வாழைத் தோட்டத்தில் வெட்டிய வாழைக்கட்டைக்குப் பக்கம் களை பறிக்கும்போது கண்ணாடி விரியன் காலில் கடித்தது. பட்டப்பகல். அவர் மனைவி மாடத்தி அறிவு கலங்கவில்லை. கட்டுப் போடவோ கீறவோ யாரையும் விடாமல், ஆட்டோவை அழைத்து, கைகாட்டியிடம் கேட்டாள். ‘மேலச்சுனை; எந்த நேரமும் மருந்து உண்டு’ என்றது கைகாட்டி. சேற்றுச் சாலையில் மேலச்சுனைக்குப் போனால் கதவு பூட்டிக் கிடந்தது. படியில் ஓர் ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆலங்கட்டளை நேர் எதிர்த்திசை. திரும்பி அங்கே போய், அங்கிருந்து நகரத்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் கறுத்துவிட்டது. உயிர் தங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

செய்தி பரவிய வேகத்தில் இசக்கியம்மாளின் பெயரும் பரவியது. குறிப்பின்கீழ் அவள் பெயரன்றோ இருந்தது! மாடத்தியின் தம்பி காவல் நிலையத்தில் அவள்மேல் புகார் எழுதிக் கொடுத்தான். செயலியும் விசாரணை முடியும்வரை அவள் எதனையும் எழுதவோ மாற்றவோ இயலாதபடி பூட்டு இட்டது.

ஞானதிரவியம் தொலைபேசியில் அழைத்தார். “வே! நான் உம்மகிட்டச் சொன்னேனே! புரட்டாசியிலேயே சொன்னேனே! மாத்தலையா நீரு?”

“எழுதிட்டேன். அனுப்பலை.”

“ஏன்?”

“பொறுத்திருந்தேன்.”

மறுமுனையில் மூச்சு வாங்கும் ஓசை கேட்டது. வரப்போகும் வசவுக்குக் குற்றாலிங்கம் காத்திருந்தார். ஒருவகையில் அதனை வேண்டியே நின்றார். ஆனால் ஞானதிரவியத்தின் குரல் திடீரென்று தணிந்துவிட்டது.

“சரி, விடும். உம்ம நாடி செவந்து கெடக்கு, எனக்குக் காட்டுது. இப்பம் ஒண்ணும் பேச வேண்டாம். படுத்துத் தூங்கும்.” தொடர்பு அறுந்தது. முப்பது ஆண்டுக் கூட்டாளி, திட்ட வேண்டிய நேரத்தில் திட்டாமல் போனார்.

மறுநாள் குற்றாலிங்கம் தொகுப்பாளர் அனைவரும் காணும் மன்றத்தில் எழுதினார். தமக்கு முன்பே தெரியும் என்றும், திருத்தத்தைத் தாமே பிடித்து வைத்திருந்தார் என்றும், பழி இசக்கியம்மாளைச் சேராது என்றும் எழுதினார்.  அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கைப்பேசி மழைத்துளிபோல் சொட்டத் தொடங்கியது. ‘உங்கள் நேர்மை எங்களை உருக்கியது.’ ‘உங்களையே நீங்கள் வருத்திக்கொள்ளாதீர்கள்.’ ‘பிறர் மனம் நோகக்கூடாது என்று நினைத்த உள்ளம் எவ்வளவு பெரியது!’ பூக்குறிகள் குவிந்தன. அவர் நாடி சிவந்திருப்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆகவே ஒருவரும் ‘நீர் செய்தது தவறு’ என்று எழுதவில்லை. அத்தகைய சொல்லை எவரேனும் எழுதியிருந்தாலும் அது எங்கோ ஒரு பெட்டியில் அவர் பச்சையாவதற்காகப் பொறுத்திருக்கும். மாலையில் செயலி அவருக்கு ஒரு மகிழ்ச்சிச் செய்தி அனுப்பியது. அவருடைய கனிவு மதிப்பு இதுவரை எவரும் எட்டாத உயரத்தைத் தொட்டுவிட்டதாம்.

ஒரு மனிதனின் கால் போனதற்குக் கிடைத்த பரிசு அது. குற்றாலிங்கம் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். முகத்தை எங்கே கவிழ்த்து வைப்பது என்று தெரியவில்லை.

இசக்கியம்மாளுக்கும் தனியே மன்னிப்பு எழுதியிருந்தார். அது போகவில்லை. ‘பெறுபவர் நொந்திருக்கிறார்’ என்று சிவப்புக் காட்டியது. விடிந்ததும் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டார். ஆனால் எங்கு போவதென்று தெரியாமல் பிற்பகல்வரை வீட்டிலேயே உழன்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, இசக்கியம்மாளின் ஊரான கருவேலங்குறிச்சிக்குப் பேருந்து ஏறினார். அழுது வீங்கிய ஒரு முகத்தையும், கதவடைத்த ஒரு வீட்டையும் வழிநெடுக மனத்தில் பார்த்துக்கொண்டே போனார்.

வீட்டில் விசாரித்தபோது, குளத்துக்கரையில் இருப்பாள் என்றார்கள்.  குளத்துக்கரைக்கு ஏறக்குறைய ஓடினார்.

கரைமேல் ஒரு பெண் ஓடிக்கொண்டிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, முழங்கை மடக்கி, தரை அதிர ஓடினாள். மதகுவரை போய்த் திரும்பி, அவர் நிற்கும் இடத்துக்கு வந்து நின்று, முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கினாள். மூச்சு வாங்கிக்கொண்டே பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். மணிக்கட்டில் கைப்பட்டை சிவப்பாய் மின்னிற்று.

“யாரு அண்ணாச்சி? எங்க போணும்?”

“நீதானா அம்மா இசக்கியம்மாள்? நான் குற்றாலிங்கம். கைகாட்டி...”

அவள் நிமிர்ந்தாள். “பொன்னாடை அண்ணாச்சியா! எனக்குப் பூவெல்லாம் போட்டீங்களே!”

“முதல்ல நீ உக்காரும்மா. உன் நாடி...”

“இதா?” அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். துக்கம் முகத்தில் இருந்தது. ஆனாலும் பட்டையை நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. “ஓடினா செவக்காம என்ன செய்யும்? போலீஸ் வேலைக்கு ஓட்டம் பழகுதேன். எழுத்துப் பரீட்சை பாஸாயிட்டேன். பகல் பூரா ஜவுளிக்கடை, அங்க போனும் பட்டையும் உள்ள விடமாட்டாவ. சாயங்காலம் இங்க ஓடுத நேரத்துல எவ்வளவு வேகம்னு பாக்கத்தான் பட்டையையே மாட்டுவேன். மத்த நேரம் அது கடைசியாக் காட்டுன செவப்போட தகரப் பெட்டியில கெடக்கும்.”

குற்றாலிங்கம் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

புரட்டாசியில் அவளுக்குத் துக்கமில்லை, அடிக்கும் தகப்பனில்லை. மாலைதோறும் அவர் காப்பி குடித்துவிட்டுப் பார்த்து உருகிய இரத்தச் சிவப்பு, நல்ல உடற்கட்டுள்ள ஒரு பெண் நன்றாக ஓடியதன் அடையாளம். அவர் ஒரு மாதமாக இரக்கப்பட்டது, இல்லாத ஒருத்திக்கு.

“என்ன அண்ணாச்சி, மயக்கமா?”

அவர் சொன்னார். பூட்டு விழுந்தபின் மன்றத்தின் பக்கமே போகாத அவளுக்கு, ஞானதிரவியம் சொன்னதையும், நேரில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்ததையும், திருத்தத்தை எழுதியதையும், பெட்டியில் வைத்ததையும் வரிசையாகச் சொன்னார். அவள் முகத்திலிருந்து சிரிப்பின் மிச்சமும் வடிந்தது. அவள் உட்காரவில்லை.

“புரட்டாசியிலேயே தெரியுமா?”

“தெரியும்.”

“நான் அந்த மனுசன் காலு என்னாலதான் போச்சுன்னு ஆஸ்பத்திரிக்குப் போயி அந்த அக்கா முன்னால நின்னேன். அவுக என்னைய அடிக்கக்கூட இல்ல. பேருல புகாரு இருந்தா வேலைக்கு எடுக்க மாட்டாவன்னு எங்கம்மா சோறு திங்காமக் கெடக்கா. நீங்க ஒத்த வரி சொல்லியிருந்தா நானே மாத்தியிருப்பேனே! என் தம்பி பிழைச்ச எடம்லா அது? அங்க மருந்து இல்லன்னா மொதல்ல தெரிய வேண்டியது எனக்குல்லா?”

“உன் மனசு நோகுமேன்னு...”

“என் மனசு என்ன அப்பளமா?” என்று சீறினாள். “நான் உங்ககிட்ட வந்து அழுதேனா? சரி, ஒண்ணு கேக்கேன், நெசத்தைச் சொல்லுங்க. எனக்காகச் சொல்லாம இருந்தீங்களா, உங்க பொன்னாடைக்காகவா?”

எத்தனையோ எல்லைத் தகராறுகளில் புதைந்த அளவுக்கல்லைத் தோண்டிக் காட்டி வாய்களை அடைத்த மனிதர், மண்ணைப் பார்த்தார். இத்தனை நாளில் ஒருவர் அவரை ஏசியது இதுவே முதல் தடவை. ஏச்சு சுட்டது. சுட்ட இடம் மரத்துப்போகாமல் இருக்கிறது என்பதே ஒரு சிறு ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல் கொள்வதும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

“நான் ஸ்டேஷனுக்கு வந்து எல்லாத்தையும் எழுதிக் குடுக்கேன்.”

“குடுக்கத்தான் வேணும். ஆனா ஸ்டேஷனுக்குப் பொறவு போவோம். மொதல்ல அந்த அக்காகிட்ட வந்து சொல்லுங்க. செவப்பு, பச்சைன்னு அங்க வந்து ஆரம்பிக்காதீங்க. தெரியும், சொல்லலைன்னு சொல்லுங்க.”

நகரத்து மருத்துவமனையில் சுடலைமுத்து கண்மூடிக் கிடந்தார். போர்வை ஒரு பக்கம் முழு நீளத்துக்கும், மறுபக்கம் பாதி நீளத்துக்கும் உயர்ந்திருந்தது. மாடத்தி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். இசக்கியம்மாள் கதவருகே நின்றுகொண்டு, “அக்கா, இவுக உங்ககிட்டப் பேசணுமாம்” என்றாள்.

குற்றாலிங்கம் சொன்னார். சொல்லும்போது, எழுதிப் பழகிய தேன் சொற்கள் எத்தனையோ நாவில் வந்து நின்றன. அவற்றை விலக்கிவிட்டுச் சொல்வதற்கு மிகக் கொஞ்சமே இருந்தது.

மாடத்தி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “உங்களுக்குத் தெரியும்.”

“ஆமா தாயீ.”

“பொறவு ஏன் சொல்லல?”

“இந்தப் பிள்ள மனசு வருத்தப்படுமோன்னு.”

“அவ மனசு” என்றாள் மாடத்தி. குரல் உயரவில்லை. “அவ மனசு உங்க போன்ல தெரிஞ்சுது. எங்க மனசு தெரியல. நாங்க எழுதுத ஆளுக இல்லையே; பாக்குத ஆளுகதானே. பூட்டுன கதவை நான் கையால குத்துனேன், கல்லெடுத்துக் குத்துனேன். அது உங்களுக்கு எந்தக் கலர்லயும் வந்திருக்காது.”

 கைகாட்டியைத் தினமும் திறந்து பார்க்கும் இலட்சக்கணக்கானோரில் ஒருவருடைய நாடிகூட அவர் திரையில் என்றும் தோன்றியதில்லை. தோன்றவில்லையே என்று அவர் ஒருநாளும் நினைத்ததுமில்லை.

“மன்னிச்சிரு தாயீ” என்றார்.

அவள் அதனைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த கட்டிலைக் கையால் சுட்டினாள். அதில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். “முந்தாநாளு இங்க ஒரு பெரியவரைக் கொண்டாந்து போட்டாவ. அவருக்கும் பாம்புதான். அவரையும் மேலச்சுனைக்குக் கொண்டுபோயிப் பூட்டைப் பாத்துட்டுத்தான் வந்தாவளாம். நேத்துத் திருநெல்வேலிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாவ. இருக்காரோ, இல்லையோ.” சற்று நிறுத்திக் கேட்டாள்: “அதை இன்னும் மாத்தலையா நீங்க?”



குற்றாலிங்கம் கைப்பேசியை எடுத்தார்.  மேலச்சுனை: பாம்புக்கடிக்கு இங்கே எந்த நேரமும் மருந்து உண்டு. அதே வரி. அதனை மாற்ற முடியாதபடி இசக்கியம்மாளின் கையை முன்பே பூட்டியிருந்தார்கள். மன்றத்தில் அவர் எழுதியதை வாசித்து உருகிய அத்தனை தொகுப்பாளர்களும் பூக்குறி இட்டார்களேயன்றி, சிவந்திருந்த இருவர் சம்பந்தப்பட்ட அந்த வரியை ஒருவரும் தொடவில்லை. அவரும் தொடவில்லை. மூன்று நாள் வெட்கப்பட்டார், அழுதார், மன்னிப்பு எழுதினார், பேருந்து ஏறி வந்தார். திருத்தம் மட்டும் அவர் பெட்டியில் அப்படியே இருந்தது. தம் மானத்தைப் பற்றிய கவலையில் அதனை மறந்தே போயிருந்தார்.

‘இப்போதே அனுப்பு.’

கதவருகே இசக்கியம்மாளின் கைப்பேசி ஒலித்தது. அவள் எடுத்துத் திறந்தாள், வாசித்தாள். வெகுநேரம் வாசித்தாள். புரட்டாசியில் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய அறிவிப்பு அது. அன்புச் சகோதரியில் தொடங்கி, அவளுடைய நன்றியுணர்வையும் தமிழையும் வாழ்த்தி, தம்பி நீடூழி வாழ வேண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

“கடைசி வரியிலதான் விசயம் இருக்கு” என்றாள் இசக்கியம்மாள்.

குற்றாலிங்கம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசித்து முடித்ததும் மேலச்சுனை என்ற பெயருக்குக் கீழிருந்த எழுத்துகள் மறைந்து, வேறு எழுத்துகள் வந்தன. ‘இங்கே மருந்து இல்லை. ஆலங்கட்டளைக்குச் செல்க.’ கண் இமைக்கும் நேரம்தான் ஆயிற்று.

“மாத்தியாச்சு தாயீ” என்று சொல்ல வாயெடுத்தார். மாடத்தி கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.